"நான் கண்வழிக் கற்பவன்": இந்தப் பிரிவினை நிற்குமா?

ஜூன் 2, காலை 8.15 – கேட்டவர்

மனிதருக்கு எட்டு வகை அறிவு உண்டு, ஆளுக்கு ஒன்று தூக்கலாக இருக்கும், அது எது என்று தெரிந்துகொண்டு அந்த வழியில் படித்தால் பாடம் தானாக ஏறும் என்கிறார்கள். இணையத்தில் ஒரு தேர்வு எழுதினேன். "கண்வழிக் கற்பவர்" என்று வந்தது. தொழில்முறைத் தேர்வுக்கு 60 நாள் இருக்கிறது, பாடம் 600 பக்கம். மொத்தத்தையும் வண்ணப் படங்களாக மாற்றத் தொடங்கிவிட்டேன். சரியான வழிதானே?

ஜூன் 2, காலை 9.40

இல்லை. படம் வரையாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வரைவதற்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் தப்பு.

இரண்டு வெவ்வேறு கொள்கைகள் இங்கே ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. எட்டு வகை அறிவு உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னருடையது. 1983-இல் அவர் சொன்னது ஏழு: மொழி, தருக்கமும் கணிதமும், இடவெளி, இசை, உடல் இயக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல். இயற்கையில் உள்ளவற்றை இனம் பிரிப்பது பின்னால் சேர்ந்தது. கண்வழி, காதுவழி, வாசிப்புவழி, செய்கைவழி என்ற நான்கும் வேறு குடும்பம். ஃபிளெமிங்கும் மில்ஸும் 1992-இல் வெளியிட்ட வார்க் என்ற வினாநிரல் அது. மனம் எந்த வகை விஷயத்தைக் கையாள்கிறது என்பது கார்ட்னரின் பேச்சு. செய்தி எந்த வாசல் வழியாக வந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்பது வார்க்கின் கேள்வி. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள் என்று கார்ட்னரே 2013-இல் எழுதினார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜூன் 2, காலை 10.05

மேலே ஒன்று விட்டுப்போயிற்று. பிடிப்பது வேறு, பலிப்பது வேறு. பலிக்கிறதா என்று பார்க்கச் சோதனை எப்படி அமைய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. "கண்வழி" ஆட்களையும் "காதுவழி" ஆட்களையும் தனித்தனியாகப் பிரி. ஒவ்வொரு கூட்டத்திலும் பாதிப் பேருக்குக் குலுக்கல் முறையில் படப் பாடம், மீதிப் பேருக்கு ஒலிப் பாடம். கடைசியில் எல்லாருக்கும் ஒரே தேர்வு. கண்வழிக்காரர் படத்தில் முந்தி, காதுவழிக்காரர் ஒலியில் முந்தினால், அதாவது வரைபடத்தில் இரண்டு கூட்டத்தின் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டினால், கொள்கை நிற்கும். எல்லாருமே படத்தில் நன்றாகச் செய்தால் அது படத்தின் பெருமை, ஆளின் வகை அல்ல.

பாஷ்லர், மெக்டானியல், ரோரர், பியோர்க் நால்வரும் 2008-இல் பழைய ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். இந்த அமைப்பில் நடந்தவை மிகச் சில. அவற்றிலும் பலவற்றின் முடிவு கொள்கைக்கு எதிராகவே இருந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்னால் காஃபீல்டு குழு எண்ணியபோது 71 கற்றல்பாணி மாதிரிகள் தேறின. 71 வகைப்பாடுகள் போட்டி போடும் இடத்தில் "நான் எந்த வகை" என்ற கேள்விக்கு 71 பதில் கிடைக்கும். வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

ஜூன் 2, பிற்பகல் 1.20 – கேட்டவர்

அப்படியானால் ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லை என்கிறீர்களா?

ஜூன் 2, பிற்பகல் 2.00

நிறைய உண்டு. ஆனால் அது "வகை"யாக இல்லை, அளவாக இருக்கிறது. உயரம் போல. நெட்டை இனம், குட்டை இனம் என்று இரண்டு இனம் கிடையாதே.

1904-இல் ஸ்பியர்மன் கவனித்தது: ஒரு பாடத்தில் நன்றாகச் செய்பவர் சம்பந்தமில்லாத இன்னொன்றிலும் சராசரிக்கு மேலேயே இருக்கிறார். எல்லாவற்றுக்கும் பொதுவான இந்த அம்சத்துக்கு "ஜி" என்று பெயரிட்டார். 1938-இல் தர்ஸ்டன் மறுத்து, ஏழு முதன்மைத் திறன்களைப் பிரித்தார்: சொற்பொருள், சொல்லோட்டம், எண், இடவெளி, நினைவு, பார்த்தறியும் வேகம், காரணகாரியம். இந்தச் சண்டை அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. 1993-இல் கேரல் 460-க்கும் மேற்பட்ட தரவுத் தொகுதிகளை மறுபடி கணக்கிட்டு மூன்றடுக்காகக் காட்டினார்: மேலே ஒரு பொதுத்திறன், நடுவில் சில அகன்ற திறன்கள், அடியில் ஏராளமான குறுகிய திறன்கள். இன்று அளவிடும் தொழிலில் உள்ளவர்கள் பெரும்பாலும் புழங்குவது இதையும் கட்டெல், ஹார்ன் இருவரின் கொள்கையையும் சேர்த்துப் பின்னிய வடிவம்.

கார்ட்னர் இந்த வழியே வரவில்லை. மூளைக்காயத்தில் ஒரு திறன் மட்டும் போகிறதா, மேதைச் சிறுவரிடம் ஒன்று மட்டும் ஓங்கியிருக்கிறதா என்பவை அவருடைய அளவுகோல்களில் சில. அதற்கு வலுவான சான்றுகளும் உண்டு. இசையமைப்பாளர் ஷெபாலின் பக்கவாதத்தால் பேச்சும் சொற்புரிதலும் குலைந்த பிறகு, 1962-இல் ஐந்தாம் சிம்பொனியை முடித்தார். மொழி விழுந்தபோது இசை நின்றது.

ஜூன் 2, மாலை 6.50 – கணித ஆசிரியர்

மேலே உள்ளதற்கு ஒரு கணக்குத் திருத்தம். "பொதுத்திறன்" என்றதும் எல்லாத் திறனும் ஒன்று என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு தேர்வுகளின் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற எண்) 0.5 என்று வையுங்கள். வர்க்கப்படுத்தினால் 0.25. மதிப்பெண் மாறுபாட்டில் கால் பங்குதான் பொது, முக்கால் பங்கு தனி. ஸ்பியர்மன் கட்சியும் தர்ஸ்டன் கட்சியும் ஒரே எண்ணைக் காட்டித் தங்கள் பக்கம் பேசலாம். பேசினார்கள்.

ஷெபாலின் கதை காட்டுவது மொழியும் இசையும் மூளையில் பிரிந்து விழக்கூடும் என்பதை மட்டுமே. நலமாக இருக்கும் ஆயிரம் பேரிடம் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பது வேறு கேள்வி. விசர், ஆஷ்டன், வெர்னன் மூவரும் 2006-இல் கார்ட்னரின் எட்டுக்கும் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். மொழி, கணிதம், இடவெளி போன்றவை பொதுத்திறனோடு நன்றாக ஒட்டின. உடல் இயக்கம் அதிகம் ஒட்டவில்லை.

ஜூன் 3, காலை 7.30

கணித ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் 60 நாளில் தேர்வு எழுதப்போகிறவருக்குத் திறன்களின் இந்த வரைபடத்தால் பயன் குறைவு. படிப்பவருக்கு உதவும் பிரிவு கட்டெல் சொன்னதுதான். புதுச் சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் திறன் ஒன்று. சேர்ந்து படிந்த அறிவு இன்னொன்று. முதலாவதை ஓரிரு மாதத்தில் பெருக்க நம்பகமான வழி இல்லை. இரண்டாவது பெருகும், அது பெருகினால் முதலாவதன் சுமை குறையும்.

எப்படிக் குறையும் என்பதைச் சதுரங்கத்தில் பார்க்கலாம். சேஸ், சைமன் இருவரும் 1973-இல் நடு ஆட்டப் பலகை ஒன்றை 5 வினாடி காட்டி மறைத்தார்கள். முதல் பார்வையிலேயே வல்லுநர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் 4. அதே காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது வல்லுநரும் மூன்று நான்கில் நின்றார். அவருடைய கண்ணோ நினைவோ மற்றவரைவிடப் பெரிதல்ல. பழகிய அமைப்புகளைக் கட்டுக்கட்டாகப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்க முடிவது சுமார் 4 கட்டுகள் (கவன் 2001-இல் தந்த மதிப்பீடு, மில்லரின் 1956 கணக்கு 7). கட்டு எவ்வளவு பெரிது என்பது படித்ததைப் பொறுத்தது.

இன்னொரு சான்று எரிக்சன் சோதித்துப் பார்த்த எஸ்.எஃப். என்ற மாணவர். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பயிற்சியில் 7-இலிருந்து 79 வரை ஏறினார். அவர் ஓட்டக்காரர். எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி அடுக்கினார். எழுத்துகளைக் கொடுத்தபோது மறுபடி 6. "நினைவாற்றல் பயிற்சி" விற்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 3, காலை 7.45

ஆகவே முறையைத் தீர்மானிப்பது பாடப் பொருள். உடற்கூறு, மின்சுற்று, நிலப்படம் எல்லாருக்கும் படமாகவே வேண்டும். உச்சரிப்பை எல்லாரும் கேட்டே ஆக வேண்டும். சட்டப் பிரிவுகளை வண்ணம் தீட்டினால் வண்ணம்தான் நினைவில் நிற்கும்.

ஜூன் 3, இரவு 9.10 – கேட்டவர்

சரி, வண்ணப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். 600 பக்கத்தை என்னதான் செய்வது?

ஜூன் 4, காலை 6.30

முதலில் மறதியின் அளவு. எபிங்ஹவுஸ் 1885-இல் பொருளற்ற அசைகளை வைத்துத் தன்மீதே செய்த சோதனையில், 20 நிமிடம் கழித்து மிஞ்சியது 58%, ஒரு மணி நேரத்தில் 44%, ஒரு நாளில் 34%, 31 நாளில் 21%. பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவாகப் போகாது. ஆனாலும் கோட்டின் வடிவம் இதுவே: முதல் நாளில் செங்குத்தாகச் சரியும், பிறகு மெல்ல இறங்கும்.

அடுத்து, திரும்பப் படிப்பதா, மூடிவைத்து நினைவுகூர்வதா? ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் ஒரு கூட்டத்தை ஒரே பத்தியை நான்கு முறை படிக்க வைத்தார்கள். இன்னொரு கூட்டம் ஒரு முறை படித்து மூன்று முறை பாராமல் எழுதியது. 5 நிமிடம் கழித்துத் தேர்வு: படித்தவர் 83%, எழுதியவர் 71%, படித்தவர் முன்னே. ஒரு வாரம் கழித்து: படித்தவர் 40%, எழுதியவர் 61%. தலைகீழ். தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டியே பழகியவருக்கு "எனக்குப் படித்தால்தான் ஏறும்" என்று தோன்றுவதன் காரணமும் இதுவே. ஐந்து நிமிடத்துக்கு அது உண்மைதான்.

உங்கள் கணக்கு: கடைசி 10 நாளை ஒதுக்கிவிடுங்கள். 50 நாளில் 600 பக்கம் என்றால் நாளுக்கு 12. பக்கத்துக்கு 3 அட்டை (முன்புறம் கேள்வி, பின்புறம் விடை) வீதம் நாளுக்கு 36 புது அட்டை, மொத்தம் 1800. ஒவ்வொன்றையும் அன்று இரவு, மறுநாள், 7-ஆம் நாள், 20-ஆம் நாள் என்று நான்கு முறை எடுத்தால், ஓட்டம் நிலைத்த பிறகு நாளுக்கு 144 அட்டை. ஒன்றுக்கு 8 வினாடி, மொத்தம் 20 நிமிடத்துக்குள். தவறியவற்றை மறுபடி எடுக்கும் நேரத்தையும் கூட்டி அரை மணி வையுங்கள்.

இடைவெளி ஏன் இப்படி? செபேடா குழு 2008-இல் பார்த்தபடி, ஒரு வாரத்தில் தேர்வென்றால் அந்தக் காலத்தில் 20 முதல் 40% இடைவெளி விட்டுத் திரும்புவது நல்லது. ஒரு ஆண்டு என்றால் 5 முதல் 10%. உங்கள் தூரத்துக்குப் பத்து நாளை ஒட்டி வரும். ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆனால் ஒன்றும் கெடாது. கடினமான அத்தியாயங்களை முதலில் வையுங்கள். கடைசியில் படிப்பவற்றுக்கு 20-ஆம் நாள் சுற்றே கிடைக்காது.

ஜூன் 4, காலை 7.15

அட்டை எங்கே கெடும்:

ஒரே அட்டையில் இரண்டு விடை. பாதி தெரிந்தால் என்ன மதிப்பெண் போடுவீர்கள்? இரண்டாகப் பிளக்கவும். "ஆம்/இல்லை" கேள்விகளில் பாதி குருட்டாம்போக்கில் சரியாகும், அவை வேண்டாம். விடையை வாய்விட்டுச் சொல்லாமல் அல்லது எழுதாமல் திருப்பிவிடுவதுதான் பெரிய ஓட்டை. பார்த்ததும் "ஆ, இது தெரியுமே" என்று தோன்றும். அது அடையாளம் காண்பது, நினைவுகூர்வது ஆகாது. அட்டைகளை ஒரே வரிசையில் வைத்திருந்தால் முந்தைய அட்டையே குறிப்பு கொடுத்துவிடும். கலைத்துப் போடுங்கள்.

ஒரு முறை சரியாகச் சொன்னதும் அந்த அட்டையை அடுக்கிலிருந்து தூக்குபவர்கள் உண்டு. வெவ்வேறு நாளில் மூன்று முறை சரியாக வரும்வரை தூக்கக் கூடாது.

வரையறை, எண், பெயர் இவற்றுக்கு அட்டை சரி. நீண்ட காரணச் சங்கிலிக்குச் சரிப்படாது. அதற்கு வெற்றுத்தாள். அத்தியாயத் தலைப்பை மட்டும் எழுதி, பாராமல் பத்து நிமிடம் கொட்டி, புத்தகத்தைத் திறந்து விடுபட்டதை வேறு மையில் நிரப்பவும். அடுத்த வாரம் அந்த வேறு மையில் இருப்பது மட்டும் போதும்.

ஜூன் 5, பிற்பகல் 12.30 – கணித ஆசிரியர்

கணக்குப் பாடத்துக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

தொடக்கநிலையில் வேண்டியது, செய்து காட்டிய கணக்கு. ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இலேயே காட்டினார்கள்: நேராகக் கணக்குப் போடவைப்பதைவிட, தீர்த்த ஒன்றைப் படித்து அதே மாதிரி ஒன்றைப் போடுவது விரைவாகப் பலிக்கும். விடையைத் தேடும் அலைச்சலே மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நடைமுறை இது: 5 படியுள்ள தீர்வை முழுதாகக் காட்டு. அடுத்த கணக்கில் கடைசிப் படியை மட்டும் காலியாக விடு. அதற்கடுத்ததில் கடைசி இரண்டு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் அழித்துக்கொண்டே வா. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "ஏன் இந்தச் சூத்திரம்" என்று ஒரு வரி எழுதச் சொல். எழுதாவிட்டால் கண் மட்டும் ஓடும்.

தேறியவருக்கு இதையே கொடுத்தால் கெடுதல். தெரிந்ததையே விளக்கும் வரிகளைப் படிக்க நேரம் போய், பலன் தலைகீழாகும். கால்யூகா குழு 2003-இல் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது. "இவர் உதாரணத்தால் கற்பவர், அவர் செய்து கற்பவர்" என்று நமக்குத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இதுதான். ஒருவருக்குப் பாடம் புதிது, மற்றவருக்குப் பழசு.

பிறகு கலப்பது. ரோரர், டெய்லர் 2007: நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவு. வகைவகையாகப் போட்டவர்கள் பயிற்சியில் 89% சரி, கலந்து போட்டவர்கள் 60%. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் முதல் கூட்டம் 20%, கலந்து போட்டவர்கள் 63%. முதல் கூட்டத்துக்குச் சூத்திரம் போடத் தெரியும், எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சியே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அத்தியாயத் தலைப்பு அந்த வேலையைச் செய்துவிட்டது. புது வகையில் மூன்று நான்கு கணக்கு தொடர்ச்சியாகப் போடுங்கள், பிறகு பழையவற்றோடு கலந்துவிடுங்கள். பயிற்சி மதிப்பெண் விழும். விழவில்லை என்றால் கலவை போதவில்லை.

ஜூன் 5, இரவு 8.40 – இசை கற்பிப்பவர்

எல்லாரும் தலையைப் பற்றியே பேசுகிறீர்கள். கைக்குத் தனி நினைவு உண்டு. எச்.எம். என்று அறியப்பட்டவருக்கு 1953 மூளை அறுவைக்குப் பிறகு புது நிகழ்வு எதுவும் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் அவருக்குக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. முன்னால் வரைந்ததே நினைவில்லை என்றார், கை மட்டும் தேர்ந்துகொண்டே வந்தது.

ஆகவே விரல் வேலையை விளக்கிக் கொண்டுவர முடியாது. கடினமான பகுதிக்கு: இறுதி வேகத்தில் 60% அளவில் மெட்ரோனோமை (தாளத் துடிப்புக் கருவியை) வைத்து, பிழையின்றி மூன்று முறை வந்தால் நிமிடத்துக்கு 4 துடிப்பு ஏற்றவும். இரண்டு முறை ஒரே இடத்தில் தடுக்கினால் 8 இறக்கவும். மெதுவாக வாசிக்கும்போது வசதியாக இருக்கும் விரலமைப்பு வேகத்தில் முட்டும். முதலில் இரண்டு சுரத்தை முழு வேகத்தில் வாசித்து விரலமைப்பை முடிவுசெய்துவிட்டுப் பிறகு மெதுவாக்க வேண்டும். துண்டுகளைச் சேர்க்கும்போது அடுத்த துண்டின் முதல் சுரத்தையும் சேர்த்தே பழகவும். இல்லாவிட்டால் துண்டுகள் தேறும், ஒட்டுமிடம் தடுக்கும்.

கணித ஆசிரியரின் கலவை இங்கேயும் பொருந்தும். கெர், பூத் 1978: எட்டு வயதுச் சிறுவர் சிலர் 3 அடி தூரத்திலிருந்தே சிறு பயறுப் பையை இலக்கை நோக்கி எறிந்து பழகினார்கள். மற்றவர்கள் 2 அடியிலும் 4 அடியிலும் மட்டும். 3 அடியில் தேர்வு வைத்தபோது, அங்கே நின்றே பழகாதவர்கள் முந்தினார்கள்.

ஜூன் 6, காலை 7.00

இசை ஆசிரியர் சொன்ன ஏற்ற இறக்கக் கணக்கை அப்படியே உரைமனனத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். கைப்பயிற்சியில் தவறு நடக்காத வேகம் வேண்டும். நினைவுகூர்வதில் கொஞ்சம் திணற வேண்டும், தவறினாலும் உடனே திருத்தினால் நட்டமில்லை. நிச்சயம் என்று நினைத்துத் தவறிய விடை திருத்தப்பட்டால் இன்னும் நன்றாகவே தங்குகிறது (பட்டர்ஃபீல்டு, மெட்கால்ஃப், 2001). திடுக்கிட்டதன் பலன்.

ஜூன் 6, காலை 11.25

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டது: "கண்ணை மூடினால் எனக்கு எந்தப் படமும் தெரிவதில்லை. இடவெளி அறிவே இல்லையா?"

அப்படி அல்ல. மனப்படம் வராத நிலைக்கு 2015-இல் ஜீமன் குழு அஃபாண்டேசியா என்று பெயர் வைத்தது. அந்த நிலையில் உள்ள பலர் உருவங்களை மனத்தில் சுழற்றும் சோதனையைச் சரியாகவே செய்கிறார்கள். நிறமும் முகமும் தோன்றுவது ஒரு திறன், எது எங்கே எந்தப் பக்கம் என்பது இன்னொன்று. மின்சுற்று படிக்க இரண்டாவது போதும்.

பார்வை, கேட்கும் திறன், எழுத்து வாசிப்பு இவற்றில் குறைபாடு இருப்பவருக்கு வேறு வடிவில் பாடம் தருவதைக் "கற்றல்பாணி" என்று சொல்லாதீர்கள். அது வாசலே இல்லாத வீட்டுக்கு வாசல் வைப்பது, கட்டாயம் செய்ய வேண்டியது.

ஜூன் 6, மாலை 5.50

தனிச்செய்தியில் வந்த "55 வயதில் ஏறுமா" என்ற கேள்விக்கு: ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன் 2015-இல் பார்த்ததில் எல்லாத் திறனுக்கும் ஒரே உச்ச வயது இல்லை. வேகம் இருபதுக்கு முன்பே உச்சம் தொடுகிறது. சொல்வளம் ஐம்பதை ஒட்டியும் அதற்குப் பிறகும் வளர்கிறது. நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வானால் கடிகாரத்தோடு கூடுதலாகப் பழகுங்கள், மற்றபடி அட்டவணை இதேதான்.

தன் ஐக்யூ (அறிவுத்திறன் ஈவு) எண்ணைப் போட்டு "நான் எந்த வகை" என்று கேட்டவருக்கு: சராசரி 100, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 15. மூன்றில் இரண்டு பேர் 85-க்கும் 115-க்கும் நடுவே. 1905-இல் பினேயும் சீமோனும் முதல் அளவுகோலைச் செய்தது எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று அறிய. பதிவின் கீழே கையெழுத்தாகப் போட அல்ல.

ஜூன் 7, காலை 8.05 – கேட்டவர்

ஐந்து நாளில் 170 அட்டை போட்டேன். மாதிரித் தேர்வில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றிலேயே பயிற்சி செய்தால் போதாதா? வரைந்த படங்கள் வேறு கிடக்கின்றன.

ஜூன் 7, காலை 8.50

படங்களில் பெயர்களைக் காகிதத் துண்டால் மூடி, எண் போட்டு, பாராமல் எழுதிப் பாருங்கள். அப்படியே அட்டையாகிவிடும்.

நான்கில் ஒன்றில் ஒரு பொறி இருக்கிறது. விடை பார்க்காமல் விட்டால், நீங்கள் தேர்ந்த தவறான விடையே பிற்பாடு உண்மைபோல் நினைவுக்கு வரும் (ரோடிகர், மார்ஷ், 2005). ஆகவே முதலில் நான்கு விடைகளையும் கையால் மறைத்து, கேள்விக்கு உங்கள் விடையை எழுதுங்கள். பிறகு திறந்து தேர்ந்தெடுங்கள். ஒதுக்கிய மூன்றுக்கும் அது எந்தக் கேள்விக்குச் சரியான விடையாகும் என்று ஒரு சொல் எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் அன்றே விடைத்தாளோடு சரிபார்க்கவும். கடைசி 10 நாளில் மூன்று முழு மாதிரித் தேர்வு, இரண்டு நாள் இடைவெளியில், தேர்வு நடக்கும் அதே நேரத்தில். தவறியவை மட்டும் புது அட்டையாகட்டும்.

ஜூன் 7, காலை 9.10 – கணித ஆசிரியர்

மூன்று தேர்வுக்கும் வெவ்வேறு வினாத்தாள். ஒரே தாளை மூன்று முறை எழுதிவிட்டு "முன்னேற்றம்" என்று இங்கே வந்து போடாதீர்கள்.